'எம்எஸ்' நோய்: டாக்டர் பார்க்காத நாள்களைத் திறன்பேசி பார்க்குமா?

மருத்துவமனையில் ஓர் அறை. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கிறார் நரம்பியல் மருத்துவர்.

எதிரே உட்கார்ந்திருக்கும் 29 வயதுப் பெண் கொஞ்சம் யோசிக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வாரம் வலது கால் இழுத்துக்கொண்டே இருந்தது. சட்டைப் பொத்தான் போட வழக்கத்தைவிட அதிக நேரமானது. ஆனால் இன்று காலை ரயிலில் நின்றுகொண்டே வந்தார்; ஒன்றும் ஆகவில்லை.

"பரவாயில்ல டாக்டர். கொஞ்சம் டயர்டா இருக்கு, அவ்ளோதான்."

மருத்துவர் குறித்துக்கொள்கிறார். அடுத்த சந்திப்பு ஆறு மாதம் கழித்து.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் 'மல்டிபிள் ஸ்கிலரோசிஸ்', சுருக்கமாக எம்எஸ், என்ற நோயுடன் வாழும் பலருக்குப் பழக்கமான ஒன்று. அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை. அந்த ஒரு வாரத்தை மறந்துவிட்டார். நினைவில் இருந்தாலும், "அது வெயிலாலா, தூக்கமில்லாததாலா, நோயாலா?" என்று அவருக்கே தெரியாது.

அந்த வாரம் முழுவதும் ஒரு பொருள் அவர் கூடவே இருந்தது. அவருடைய திறன்பேசி. அவர் எப்படி நடந்தார், எவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்தார், இரவில் எத்தனை மணிக்குத் திரையை அணைத்தார் என்பதெல்லாம் அதற்குத் தெரிந்திருக்கக்கூடும்.

அந்தத் தகவலை மருத்துவத்துக்குப் பயன்படுத்த முடியுமா? கடந்த பத்து ஆண்டுகளாக ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்து வருகிறார்கள். பதில் "முடியும்" என்பதை நோக்கி நகர்கிறது. ஆனால் அந்த 'முடியும்' என்ற சொல்லுக்குப் பின்னால் சில கேள்விகள் இருக்கின்றன.

எம்எஸ்னா என்ன?

நம் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளைச் சுற்றி 'மயலின்' என்ற கொழுப்பு உறை இருக்கிறது. மின்கம்பியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையைப் போன்றது அது. எம்எஸ் நோயில், உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே இந்த உறையைத் தாக்குகிறது. உறை சிதைந்த இடத்தில் நரம்புச் செய்தி மெதுவாகப் போகும், அல்லது போகாமலேயே நின்றுவிடும்.

எந்த இடத்தில் உறை சிதைகிறதோ அதைப் பொறுத்து அறிகுறி மாறும். ஒருவருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கும். இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகும். வேறொருவருக்குச் சிறுநீரை அடக்க முடியாது. கடுமையான சோர்வு மிகப் பலருக்கு உண்டு.

உலகம் முழுவதும் 2.8 மில்லியன் பேருக்கு எம்எஸ் இருப்பதாக 2020இல் வெளிவந்த அனைத்துலக எம்எஸ் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. நோய் கண்டறியப்படும் சராசரி வயது 32. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்கு அதிகம் வருகிறது. படித்து முடித்து, வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம், வீடு என்று யோசிக்கிற வயது அது.

நம் வட்டாரத்தில் இது அரிய நோய். ஜெர்மனியில் 100,000 பேருக்குச் சுமார் 300 பேர் என்ற அளவில் எம்எஸ் இருக்கிறது. மலேசியாவில் அது 2 முதல் 3 வரைதான். அரிது என்பதால் ஒரு சிரமமும் கூடவே வருகிறது: நோயின் பெயரைச் சொன்னால் நண்பர்களுக்கோ முதலாளிக்கோ புரிவதில்லை. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. "நல்லாத்தானே இருக்க?" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும்.

டாக்டரின் அறையில் எப்படி அளக்கிறார்கள்?

எம்எஸ் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைச் சொல்ல உலகெங்கும் 'இடிஎஸ்எஸ்' என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜான் கர்ட்ஸ்கி 1983இல் வெளியிட்டது அது. 0 என்றால் பாதிப்பு இல்லை. 6 என்றால் 100 மீட்டர் நடக்கவே ஊன்றுகோல் போன்ற துணை வேண்டும். 10 என்றால் மரணம்.

இந்த அளவுகோலில் 4க்கு மேல் போனால் பெரும்பாலும் நடையைப் பொறுத்தே மதிப்பெண் மாறும். கை எப்படி வேலை செய்கிறது, யோசிக்கும் வேகம் குறைந்திருக்கிறதா என்பதற்கெல்லாம் அதில் இடம் குறைவு. அந்தக் குறையை நிரப்ப வேறு சோதனைகள் உண்டு: 25 அடி தூரத்தை வேகமாக நடப்பது, ஒன்பது சிறு முளைகளைத் துளைகளில் செருகி எடுப்பது, 90 விநாடிகளில் குறியீடுகளுக்கு உரிய எண்களைப் பொருத்துவது.

எல்லாம் நல்ல சோதனைகள்தான். ஆனால் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் நடக்கும். குளிர்சாதன அறையில், நேரான தாழ்வாரத்தில், மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடக்கும். நம்மில் யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் கொஞ்சம் கூடுதலாக முயற்சி செய்வோம்.

எம்எஸ் ஒவ்வொரு நாளும் மாறும் நோய். ஆரம்பத்தில் பெரும்பாலோருக்கு அது அலை அலையாக வரும். தாக்கும், பிறகு தணியும். ஆனால் அலைகளுக்கு நடுவிலும் சத்தமில்லாமல் மெல்ல மெல்லத் திறன் குறைவதுண்டு என்று இப்போது மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். அந்த மெதுவான சரிவு நோயாளிக்கே தெரியாது. மின்தூக்கிக்குப் பதில் படியேறியவர் ஏறுவதை நிறுத்தியிருப்பார். ஏன் நிறுத்தினோம் என்று யோசித்திருக்க மாட்டார்.

இதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது ஏன் முக்கியம்? முதல் எம்எஸ் மருந்துக்கு அமெரிக்கா 1993இல் ஒப்புதல் தந்தது. இன்று 20க்கும் அதிகமான மருந்துகள் உள்ளன. ஒன்று சரிப்படாவிட்டால் வேறொன்றுக்கு மாறலாம். ஆனால் போன நரம்பைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து இன்னும் இல்லை. தாமதமாகத் தெரிந்தால் இழந்தது இழந்ததுதான்.

போன் எதைப் பார்க்கும்?

திறன்பேசிக்குள் அசைவை உணரும் சிறு கருவிகள் இருக்கின்றன. திரையைத் திருப்பினால் படமும் திரும்புவது, ஹெல்தி 365 செயலி படிகளை எண்ணுவது எல்லாம் அவற்றால்தான். எம்எஸ் கண்காணிப்பும் அதே கருவிகளைத்தான் நம்பியிருக்கிறது. வழிகள் இரண்டு.

முதல் வழி, நீங்களே செய்துகாட்டும் சோதனை. ரோஷ் மருந்து நிறுவனம் உருவாக்கிய 'ஃபிளட்லைட்' செயலியை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பவை:

- போனை இடுப்பிலோ பையிலோ வைத்துக்கொண்டு 2 நிமிடம் நடப்பது
- சில அடி நடந்து, திரும்பி, மீண்டும் நடப்பது
- 30 விநாடி ஆடாமல் நிற்பது
- திரையில் தோன்றும் தக்காளிப் படங்களை இரண்டு விரலால் கிள்ளி நசுக்குவது
- திரையில் உள்ள கோட்டின்மேல் விரலால் வரைவது
- 90 விநாடிகளில் குறியீடுகளுக்கு எண்களைப் பொருத்துவது

தக்காளி நசுக்குவது விளையாட்டு மாதிரி தோன்றும். ஆனால் இரண்டு விரல்களும் ஒரே நேரத்தில் திரையைத் தொடுகின்றனவா, எத்தனை மில்லி விநாடி வித்தியாசம், எத்தனை முறை தவறுகிறது என்பதை எல்லாம் அது அளக்கிறது. சட்டைப் பொத்தான் போடும் திறனும் அதே விரல்களைச் சார்ந்ததுதான்.

இரண்டாவது வழி, பின்னணியில் நடக்கும் கண்காணிப்பு. நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். நடக்கும் வேகம், ஒரு நாளில் எவ்வளவு தூரம் போனீர்கள், எத்தனை முறை திரையைத் திறந்தீர்கள், விசைப்பலகையில் ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைப் போன் தானாகவே குறித்துக்கொள்ளும்.

முதல் வழியில் உழைப்பு அதிகம். ஆனால் என்ன அளக்கப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாவதில் உழைப்பே இல்லை. ஆனால் நீங்கள் கண்காணிக்கப்படுவதையே மறந்துவிடலாம்.

சரி, இது வேலை செய்யுதா?

சில ஆய்வுகளைப் பார்ப்போம்.

ஃபிளட்லைட்டின் முதல் ஆய்வு அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் ஸ்பெயினின் பார்சிலோனாவிலும் நடந்தது. எம்எஸ் உள்ள 76 பேர், இல்லாத 25 பேர். 24 வாரம். செய்துகாட்டும் சோதனைகளைச் சராசரியாக 70 விழுக்காடு அளவுக்கு அவர்கள் தொடர்ந்து செய்தார்கள். போனில் கிடைத்த முடிவுகள் மருத்துவமனையில் எடுத்த முடிவுகளோடு பெருமளவு ஒத்துப்போயின.

கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 95 பேருக்குக் கைப்பட்டை அணிவித்து ஓராண்டு படிகளை எண்ணினார்கள். அன்றாடப் படிகள் குறைந்துகொண்டே போனவர்களுக்கு மருத்துவமனைச் சோதனைகளிலும் நிலை மோசமாகியிருந்தது. அவர்கள் செய்தது படிகளை எண்ணியது மட்டும்தான்.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் தட்டச்சைப் பார்த்தார்கள். எம்எஸ் உள்ள சுமார் 100 பேரின் போனில் தனி விசைப்பலகை ஒன்று பொருத்தப்பட்டது. என்ன எழுதினார்கள் என்பது தேவையில்லை. எப்படி அழுத்தினார்கள் என்பதுதான் தேவை. விசைகளுக்கு இடைப்பட்ட நேரத்துக்கும் கைத்திறன், பாதிப்பின் அளவு ஆகியவற்றுக்கும் தொடர்பு தெரிந்தது.

கோவிட்-19 காலத்தில் மக்கள் வீட்டிலேயே இருந்தபோது அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகமும் 56 எம்எஸ் நோயாளிகளின் போன், கைப்பட்டைத் தரவை ஆராய்ந்தன. யாருக்கு மனச்சோர்வு இருக்கிறது என்பதை அந்தத் தரவிலிருந்து 82.5 விழுக்காடு துல்லியத்துடன் கணிக்க முடிந்தது. எம்எஸ் உள்ளவர்களிடையே மனச்சோர்வு சகஜம். ஆனால் சந்திப்பின்போது அதைச் சொல்பவர்கள் குறைவு.

எண்களைப் பார்த்து அசந்துபோவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். 56 பேர், 76 பேர், 95 பேர். எல்லாமே சிறிய குழுக்கள். பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ளவர்கள். "ஒரு குழுவில் யாருக்குப் பாதிப்பு அதிகம்" என்று சொல்வது வேறு. "உங்களுக்கு இந்த மாதம் மோசமாகியிருக்கிறது, மருந்தை மாற்றுங்கள்" என்று சொல்வது வேறு. இரண்டாவதைச் சொல்ல இன்னும் பெரிய, இன்னும் நீண்ட ஆய்வுகள் வேண்டும்.

நம்ம ஊரு வெயில் கணக்கில் வருமா?

1890இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உத்ஹாஃப் ஒன்றைக் கவனித்தார். அவருடைய எம்எஸ் நோயாளிகள் சிலருக்கு உடற்பயிற்சி செய்தபின் பார்வை மங்கியது, ஓய்வெடுத்தால் திரும்பியது. காரணம், உடல் வெப்பம். மயலின் சிதைந்த நரம்பில், உடல்சூடு சிறிதே ஏறினாலும் செய்தி தடைபடும். எம்ஆர்ஐ இல்லாத காலத்தில் நோயாளியைச் சுடுநீர்த் தொட்டியில் உட்காரவைத்து எம்எஸ் இருக்கிறதா என்று பார்த்த மருத்துவர்களும் உண்டு.

வெப்பத்தால் வரும் இந்தத் தடை தற்காலிகமானது. உடல் குளிர்ந்ததும் சரியாகிவிடும். புதிதாக நரம்பு சேதமாகவில்லை.

ஆண்டு முழுவதும் மதியம் 31, 32 டிகிரி செல்சியசைத் தொடும் சிங்கப்பூரில் இது அன்றாடப் பிரச்சினை. உணவங்காடிக்குப் போய்ச் சாப்பாடு வாங்கிவருவதற்குள் கால் துவண்டுவிடலாம். அதே ஆள் குளிரூட்டப்பட்ட கடைத்தொகுதிக்குள் ஒரு மணி நேரம் நடக்கலாம்.

போனுக்கு இது எப்படித் தெரியும்? ஒரு நாள் மெதுவாக நடந்தால், அது வெயிலா, நோயா? 'எலிவேட்எம்எஸ்' என்ற அமெரிக்க ஆய்வுச் செயலி பங்கேற்பாளர் இருக்கும் இடத்தின் வானிலையையும் சேர்த்தே பதிவு செய்தது. நம் வட்டாரத்துக்கு அப்படி ஒரு கணக்கு கட்டாயம் தேவை. வெப்பத்தைக் கணக்கில் எடுக்காத செயலி, இங்கே உள்ளவர்களுக்குத் தேவையில்லாத பயத்தைத்தான் தரும்.

வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் அனுப்பினால்?

இதைப் படிக்கும் நீங்கள் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வீர்கள். அம்மாவுக்குத் தமிழிலோ ஆங்கில எழுத்துத் தமிழிலோ அனுப்புவீர்கள். நண்பர்களுக்கு இரண்டும் கலந்து வரும். பாட்டிக்கு? வாய்ஸ் நோட்தான்.

தட்டச்சு வேகத்தை வைத்து நரம்பைப் பார்க்கும் செயலிக்கு இது பெரிய குழப்பம். தமிழ் விசைப்பலகைக்கு மாறினால் வேகம் குறையும். சொல்லைப் போனே ஊகித்து நிரப்பினால் வேகம் கூடும். எழுதுவதை விட்டுக் குரல்பதிவுக்கு மாறினால் தரவே இருக்காது. அதிலும் ஒரு நுணுக்கம்: வாய்ஸ் நோட் வசதி என்பதால் மாறினீர்களா, விரல் வலிக்கிறது என்பதால் மாறினீர்களா? போனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இதேபோல் வேறு சிறு விஷயங்களும் உண்டு. போன் காற்சட்டைப் பையில் இருந்தால் ஒரு கணக்கு, கைப்பையில் இருந்தால் வேறு கணக்கு. புதுப் போன் வாங்கினால் உள்ளே இருக்கும் கருவி வேறு. ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் பழகிப்போய் மதிப்பெண் தானாகவே ஏறும். நோய் குறைந்ததாக அர்த்தமில்லை.

அதனால்தான் ஆய்வாளர்கள் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடுவதைவிட, ஒருவரை அவருடைய சொந்தப் பழைய கணக்கோடு ஒப்பிடுவதை முக்கியமாகக் கருதுகிறார்கள். அதற்கு மாதக்கணக்கில் தொடர்ச்சியான பதிவு வேண்டும். அங்கேதான் அடுத்த சிக்கல்.

முதல் வாரம் ஆர்வம், அப்புறம்?

உடற்பயிற்சிச் செயலியைப் பதிவிறக்கி ஒரே வாரத்தில் மறந்த அனுபவம் நம் எல்லாருக்கும் உண்டு. மருத்துவச் செயலிகளும் விதிவிலக்கல்ல.

அமெரிக்காவில் திறன்பேசி வழி நடந்த எட்டு சுகாதார ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2020இல் ஒரு கட்டுரை வெளியானது. எலிவேட்எம்எஸ் அதில் ஒன்று. மொத்தம் 109,914 பேர். பாதிப் பேர் 5.5 நாளுக்குள்ளேயே நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு தகவலும் இருந்தது. தங்கள் மருத்துவரே பரிந்துரைத்துச் சேர்ந்தவர்கள், தாங்களாகவே சேர்ந்தவர்களைவிட நெடுநாள் நீடித்தார்கள். பாதிப் பேர் விலக எடுத்துக்கொண்ட காலம் சுமார் 40 நாள் அதிகம். பங்கேற்கப் பணம் கொடுத்தபோதும் காலம் கூடியது. ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமில்லை. நான் செய்வதை யாரோ பார்க்கிறார் என்று தெரிந்தால் செய்வேன். வெறும் கோப்பில் போய் விழுகிறது என்றால் எதற்கு?

விடுபட்ட நாள்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எம்எஸ் உள்ளவர் சோதனையைச் செய்யாமல் விடுவது பெரும்பாலும் எந்த நாளில்? ரொம்ப முடியாத நாளில். கண் மங்கும்போது திரையில் குறியீடு பார்க்க யாருக்குத் தோன்றும்? அப்படியானால் பதிவில் இருப்பதெல்லாம் ஓரளவு நல்ல நாள்கள். வெற்றிடமாக இருக்கும் நாள்கள்தான் மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டியவை. அந்த வெற்றிடத்தை 'தரவு இல்லை' என்று ஒதுக்கிவிட்டால், மருத்துவமனை அறையில் நடந்த அதே தவறு போனிலும் நடக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் சோதனை செய்வது, ஒவ்வொரு நாளும் "உனக்கு நோய் இருக்கு" என்று நினைவூட்டுவது போலவும் இருக்கலாம். நண்பர்களோடு படம் பார்க்கப் போகும்போது போன் அதிர்ந்து, "இன்றைய நடைச் சோதனை பாக்கி" என்று சொன்னால் எப்படி இருக்கும்? சிலருக்கு எண்கள் தைரியம் தரும். சிலருக்கு ஒரு சிறு சரிவே தூக்கத்தைக் கெடுக்கும்.

எச்சரிக்கை வந்தால் யார் பார்ப்பார்கள்?

இதுதான் இந்த விஷயத்தின் நடுப்புள்ளி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு செயலி 100 நாளில் 5 நாள் தவறான எச்சரிக்கை தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கக் குறைவாகத்தான் இருக்கிறது. ஓராண்டுக்கு ஒருவருக்கு 18 எச்சரிக்கை. மருத்துவரிடம் 100 நோயாளிகள் இருந்தால் 1,800. ஒரு நாளைக்குச் சுமார் 5. அவற்றில் எது உண்மை என்று கண்டுபிடிக்க ஒவ்வொருவரையும் அழைத்துப் பேச வேண்டும்.

எம்எஸ்ஸில் புதிய தாக்குதல் என்று மருத்துவர்கள் கருதுவதற்கு, அறிகுறி குறைந்தது 24 மணி நேரமாவது நீடிக்க வேண்டும். காய்ச்சலோ தொற்றோ காரணமாக இருக்கக்கூடாது. இதைப் போன் மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு தாதி அழைத்து, "காய்ச்சல் இருக்கா? சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருக்கா? நேத்து சரியாத் தூங்கினீங்களா?" என்று கேட்க வேண்டும்.

அந்தத் தாதியின் நேரத்துக்கு யார் பணம் கொடுப்பது? ராத்திரி 11 மணிக்கு எச்சரிக்கை வந்தால் யார் பொறுப்பு? எச்சரிக்கை வந்தும் யாரும் பார்க்காமல் விட்டால்? செயலியை உருவாக்குவதைவிட இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் கடினம். அளவிட ஒரு போன் போதும். அளந்ததைப் பார்த்து முடிவெடுக்க ஆட்கள் வேண்டும்.

யாரும் பார்க்காத தரவு நோயாளிக்குப் பொய்யான நிம்மதியைத் தரும் ஆபத்தும் உண்டு. "ஏதாவதுன்னா ஆப் சொல்லிடுமே" என்று நினைத்து, உண்மையில் கால் மரத்துப்போனபோதும் மருத்துவமனைக்கு அழைக்காமல் இருந்துவிடலாம்.

தரவு யாருடையது?

நடை, தூக்கம், போகும் இடம், மனநிலை. ஒருவரைப் பற்றி இதைவிட நெருக்கமாக எதைத் தெரிந்துகொள்ள முடியும்?

சிங்கப்பூரர்களுக்கு இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2018இல் சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்பு ஊடுருவப்பட்டபோது 1.5 மில்லியன் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்கள் திருடப்பட்டன. சுமார் 160,000 பேரின் மருந்து விவரங்களும் அதில் அடங்கும்.

எம்எஸ் உள்ளவருக்குக் கவலை இன்னும் குறிப்பானது. வேலை, காப்பீடு. சிங்கப்பூரின் ஆயுள் காப்பீட்டுச் சங்கம் வகுத்துள்ள கடும் நோய்ப் பட்டியலில் எம்எஸ் இருக்கிறது; நரம்புப் பாதிப்பு எவ்வளவு காலம் தொடர்ந்தது என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டுள்ளது. நாள்தோறும் எழுதப்படும் ஒரு பதிவு இருந்தால், அதை யார் பார்க்கலாம் என்ற கேள்வி இயல்பாகவே வரும். அது நோயாளிக்குச் சாதகமாகவும் அமையலாம், பாதகமாகவும் அமையலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், நிறுவனங்கள் உங்கள் சம்மதத்தோடுதான் பொதுவாகத் தகவலைத் திரட்ட முடியும். கொடுத்த சம்மதத்தை மீட்டுக்கொள்ளலாம். உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். நோயைக் கண்டறியவோ கண்காணிக்கவோ உருவாக்கப்படும் மென்பொருளை மருத்துவக் கருவியாகக் கருதிச் சுகாதார அறிவியல் ஆணையம் கட்டுப்படுத்துகிறது. படிகளை எண்ணும் சாதாரண உடல்நலச் செயலிக்கு அந்த அளவு கட்டுப்பாடு இல்லை. இரண்டும் உங்கள் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். எது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. மேலே பார்த்த செயலிகளில் சில, எம்எஸ் மருந்து விற்கும் நிறுவனங்களின் பணத்தில் உருவானவை. அதனால் அவை தவறு என்று ஆகாது. ஆனால் தரவு எங்கே போகிறது, எதற்குப் பயன்படும் என்று கேட்க அது போதுமான காரணம்.

அப்போ நான் என்ன செய்யலாம்?

உங்களுக்கோ உங்கள் குடும்பத்தில் யாருக்கோ எம்எஸ் இருந்தால், புதிய செயலி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் போனே சிலவற்றைச் செய்யும்.

- படிக் கணக்கை மாதம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஒரு நாள் குறைந்ததற்கு அர்த்தமில்லை. இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
- மோசமான நாளில் ஒரே ஒரு வரி குறித்துவையுங்கள்: தேதி, என்ன ஆனது, எத்தனை மணி நேரம், அன்று வெயிலா, காய்ச்சலா. எழுத முடியாவிட்டால் குரல்பதிவு போதும்.
- மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் அந்தக் குறிப்புகளை ஒருமுறை படியுங்கள். "பரவாயில்ல டாக்டர்" என்பதற்குப் பதில், "மார்ச் மாசம் ஆறு நாள் வலது கால் இழுத்துச்சு" என்று சொல்ல முடியும்.
- எந்தச் செயலியில் சேர்ந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இதை யார் பார்ப்பார்? எவ்வளவு நாளுக்கு ஒருமுறை பார்ப்பார்? நான் விலகினால் என் தரவு என்ன ஆகும்?
- புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், போன் என்ன சொன்னாலும் மருத்துவமனையை அழையுங்கள்.

எம்எஸ் இல்லாதவர்களுக்கும் ஒரு குறிப்பு. படிகள் குறைவது, தட்டச்சு தவறுவது, கை கூசுவது எல்லாம் எம்எஸ் அல்ல. போன் நோயைக் கண்டறியாது. அதற்கு எம்ஆர்ஐ, ரத்தப் பரிசோதனை, சில நேரம் முதுகுத்தண்டு நீர்ச் சோதனை எல்லாம் தேவை. ஆசியாவில் எம்எஸ் போலவே தோன்றும் 'என்எம்ஓ' என்ற வேறொரு நோயும் கணிசமாக உண்டு; எம்எஸ்ஸுக்குத் தரும் சில மருந்துகள் அதை மோசமாக்கும். எனவே சந்தேகம் இருந்தால் முதலில் பலதுறை மருந்தக மருத்துவரிடம் போங்கள்.

மீண்டும் அந்த அறைக்கு

தொடக்கத்தில் பார்த்த பெண்ணிடமே திரும்புவோம். இந்த முறை மருத்துவரின் திரையில் ஆறு மாதக் கோடு ஒன்று இருக்கிறது. நடுவில் ஒரு பள்ளம். பக்கத்தில் மூன்று நாள் வெற்றிடம்.

மருத்துவர் கேட்கிறார்: "இந்த மூணு நாள் என்ன ஆச்சும்மா?"

அந்தக் கோட்டை வரைந்தது போன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் வேண்டும். பதிலைக் கேட்க அவருக்கு நேரமும் வேண்டும். எம்எஸ் நோயாளிகளுக்கான திறன்பேசிக் கண்காணிப்பு இங்கே வரும்போது, செயலி எவ்வளவு துல்லியமானது என்று கேட்பதோடு, அந்த நேரத்தை யார் ஒதுக்கப்போகிறார்கள் என்றும் நாம் கேட்க வேண்டியிருக்கும்.